மூன்று முக்கோணம்

மிஸ்டர் மெனேசஸ் அந்தக் காகிதத்தை முதலில் படிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார்.

செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். சனிக்கிழமை சாயங்காலம். தொண்ணூற்றாறு பாடகர்கள் கொண்ட எங்கள் கொயர் நாலு வரிசையாக நிற்கிறது. பம்பாயிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர், கனத்த ஆண்குரல்களின் பேஸ் வரிசையில் முதலில் நின்ற ஆசீர்வாதம் அண்ணாச்சியின் கையிலிருந்து ஒரு நீளப் பட்டையை வாங்குகிறார். விசிறி மடிப்பாக மடித்த காகிதம். பிரித்தால் நாலு முழம் வரும்.

"இது என்ன நாற்றம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அமோனியா சார். டிராயிங் பிரிண்ட் சார்," என்றார் அண்ணாச்சி.

"நான் சங்கீதம் நடத்த வந்தேன். நீங்கள் பாலம் கட்டப் போகிறீர்களா?"

பெண்கள் நின்ற சொப்ரானோ பக்கம் சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. பின்வரிசையில் நின்ற நானும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டையை வரைந்தவன் நான்.

தேதி குறித்த ஒரு தகராறு

இந்தத் தொடரை ஒழுங்காக வாசித்து வருகிறவர்களுக்கு நான் தேதிப் பைத்தியம் என்பது தெரியும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணிக்குத் தொடங்கினோம் என்பதெல்லாம் என் டைரிகளில் இருக்கிறது. ஆனாலும் இந்தச் சம்பவத்துக்கு ஆண்டு போடப் போவதில்லை.

காரணம் கிரேஸ் அக்கா. கொயரைத் தொடங்கி, கூட்டி, திட்டி வளர்த்தவர் அவர். பள்ளியில் சங்கீத ஆசிரியை, வீடு சைனிக்புரியில். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும் அந்த வீட்டில் உத்தரவு போடுவது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. என் டைரி ஓர் ஆண்டைச் சொல்கிறது. அக்கா அதற்கு அடுத்த ஆண்டு என்கிறார். "உன் டைரியை நீதானே எழுதினே? தப்பா எழுதியிருப்பே," என்பது அவருடைய வாதம். என் தப்பு ஒன்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருப்பதால் நான் எதிர்வாதம் செய்வதில்லை. அந்தத் தப்பைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எழுபதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு, ஸ்வெட்டர்கள் பெட்டியிலிருந்து வெளியே வராத நாட்கள்.

பாடியவர்கள்

நான் அப்போது ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். குடியிருந்தது ஹப்சிகுடாவில். எங்கள் கொயரில் பொதுத்துறைக்காரர்கள் நிறைய. வங்கி ஊழியர்கள், நர்சுகள், ஆசிரியைகள், ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர் என்று ஒரு கலவை. தமிழ், தெலுங்கு, மலையாளம், ஆங்கிலோ-இந்திய ஆங்கிலம் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவோம். கிரேஸ் அக்கா கையைத் தூக்கினால் எல்லாம் நிற்கும்.

பேஸ் குரல்கள் பத்தொன்பது. அதில் எட்டுப் பேர் ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டுப் புத்தகம், பார்த்துப் பாடுகிறவர்கள். நான் அந்த எட்டில் ஒருவன். மற்ற பதினோரு பேரும் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள். டர்னர், ஃபிட்டர், பாய்லர் ஷாப், பெட்டிகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். அவர்களுக்கு ஐந்து கோடு தெரியாது. தெரிந்தது சோல்-ஃபா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சோல்-ஃபா என்பது கோடே இல்லாமல் d, r, m (டோ, ரே, மி) என்று எழுத்துகளாலேயே ராகத்தை எழுதும் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. மிஷனரிகள் அதைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டு வந்தார்கள். அங்கே தேவாலயப் பாட்டுக்காரர்கள் அதை உயிரெழுத்து, மெய்யெழுத்தோடு சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசீர்வாதம் அண்ணாச்சி ஆறு வயதில் சோல்-ஃபா படித்தவர். பிறகு ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து, லேத் மெஷின் இரைச்சலுக்கு நடுவே இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருந்தவர். அவர் சேர்த்துக் கூட்டி வந்தவர்கள்தான் மற்ற பத்துப் பேரும்.

போனே

அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பெரிய லத்தீன் மிஸ்ஸா. கத்தோலிக்கப் பூசைக்காக ஐரோப்பாவில் எழுதப்பட்ட, ஒன்றே கால் மணி நேரம் ஓடும் இசை. அதைச் சோல்-ஃபாவில் யாரும் அச்சிட்டிருக்கவில்லை. ஆகவே நான் மாற்றி எழுதத் தொடங்கினேன். தொழிற்சாலை பிரிண்ட் ரூமில் வெட்டி மிச்சமாகும் ஓரக் காகிதங்களை அதிகாரியிடம் கேட்டு வாங்கினேன். அவை ஒரு ஜாண் அகலம், நாலைந்து முழ நீளம். டிரேசிங் தாளில் வரைந்து, அமோனியா மெஷினில் பதினோரு பிரதி எடுப்பேன். பகுதிக்கு ஒரு பட்டை; பட்டையில் மேல் வரி ஒன்று, கீழ் வரி ஒன்று.

ராகத்தில் பிரச்சினை இல்லை. சொல்லில்தான் வந்தது. லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். b-க்கும் p-க்கும் நமக்குப் பகரம் ஒன்றுதானே. 'நல்ல' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல் பட்டையில் 'போனே' என்று வந்து உட்கார்ந்தது. பதினோரு பேரும் கம்பீரமாக, கனத்த குரலில், "போனே" என்று பாடினார்கள்.

"எங்கே பா போனே?" என்றார் லாசரஸ். பதினோரு பேரில் ஒருவர், ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய் சும்மா இராது; பேச்சில் நக்கோ (வேண்டாம்), ஹவ் (ஆமாம்) என்று ஹைதராபாத் உருது கலக்கும். "சொல்லிட்டுப் போக நக்கோவா?"

கிரேஸ் அக்கா கையிலிருந்த பேட்டன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு சிறு கோடு போட்டேன். பிரச்சினை தீர்ந்தது.

ஃபினிஷ்

அதைவிடப் பெரிய பிரச்சினை மெதுவும் உரப்பும். எங்கே தணிக்க வேண்டும், எங்கே உயர்த்த வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் இத்தாலிய எழுத்துகள் இருக்கும். அவற்றைப் பட்டையில் எழுதிப் பார்த்தேன். பாட்டு எழுத்தோடு குழம்பியது. புத்தகத்தில் f என்றால் உரக்க; அவர்களுக்கோ அது ஏற்கெனவே ஃபா. இரண்டு f போட்டால் இரண்டு தடவை ஃபா பாடினார்கள்.

ஒரு மத்தியானம் ஆபீசில் ஓர் இயந்திரத் தண்டின் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அந்தக் காலத்தில் பரப்பின் மழமழப்பைச் சொல்லும் இந்த ஃபினிஷ் குறிகள் இருக்கும். ஒரு பரப்பின் மேல் தலைகீழ் முக்கோணம் ஒன்று இருந்தால் சுமாராகக் கடைந்தால் போதும். இரண்டு என்றால் நன்றாக. மூன்று என்றால் கண்ணாடி மாதிரி. வளைகோடு இருந்தால் வார்ப்பை அப்படியே விட்டுவிட வேண்டும், கை வைக்கக் கூடாது.

அதையே பட்டையில் போட்டேன். விளக்கம்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி பட்டையைப் பிரித்துப் பார்த்தார். மூன்று முக்கோணத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்கன மூச்சு மாதிரி பாடணும். அப்படித்தான தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"இந்த வளைகோட்டுல கத்தணும். காஸ்டிங்கை அப்படியே விட்டுரணும்."

"ஆமா."

"பெறவு என்ன. இதை மொதல்லயே போட்டிருக்கலாம்லா. நாலு வாரம் வீணாப் போச்சு."

சங்கீதக் குறியீடுகளின் சரித்திரத்தை ஒரு காலத்தில் நூலகத்தில் தேடிப் படித்திருக்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன் ஐரோப்பிய மடங்களில், பாட்டின் சொற்களுக்கு மேல் சின்னச் சின்னக் கீற்றுகள் போட்டார்களாம். கோடு, கட்டம் எல்லாம் பிறகு வந்தவை. யாருக்கு எந்தக் குறி கண்ணில் பழகியதோ அதுவே அவர்களுக்கு எழுத்து. எங்கள் பதினோரு பேருக்கு அது இயந்திரத் தொழிலின் குறியாக இருந்தது. இப்படி ஒரு பேஸ் வரிசை உலகில் வேறு எங்கும் இருந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடுவழியில் இறக்கம்

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மிஸ்டர் மெனேசஸ் கெட்ட மனிதர் அல்ல. கோவாக்காரர், மெலிந்த உடம்பு, ஓயாத கைகள். பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிரேஸ் அக்காவைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் அந்த ஹாலில் எதுவும் ஒளியாது.

"இந்தப் பதினோரு பேரும் நாளைக்குக் கச்சேரியில் பாட வேண்டாம்."

"அஞ்சு மாசமா பாடறாங்க, மிஸ்டர் மெனேசஸ்."

"அதுதான் சொல்கிறேன். ஐந்து மாத ஞாபகம். இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் வைத்திருக்கிற எட்டுப் பேர் பாடுவதைக் காதில் வாங்கிக்கொண்டு பாடுகிறார்கள். அரை வினாடி தாமதமாக வரும். பியானோவோடு அது தெரியாது. என் ஆர்கெஸ்ட்ராவோடு சேறு மாதிரி தெரியும். நான் ஒரு இடத்தை மாற்றினால் இவர்களால் மாற முடியாது."

நியாயம்தான். ஆர்கெஸ்ட்ராவோடு எங்களுக்கு ஒரே ஓர் ஒத்திகைதான், அதுவும் மறுநாள் காலையில்.

லாசரஸ் பக்கத்தில் நின்றவரிடம் கிசுகிசுத்தார். "ஹவ் பா. கண்டக்டர் வந்தாரு. பதினோரு பேரை நடுவழியில இறக்கிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி பட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு மேல் மடிப்பாக, நகத்தால் தேய்த்துத் தேய்த்து. ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கு அவர் ஷாப்பில் பாதிப் பேர் வருவதாக இருந்தது. தென்காசியிலிருந்து மைத்துனரும் குடும்பமும் ரயிலேறிவிட்டார்கள். ஆனால் அவர் என்னிடம் திரும்பிச் சொன்னது அதைப் பற்றி அல்ல.

"படிக்கத் தெரியாதவம்னு சொல்லிட்டாரே தம்பி."

கிரேஸ் அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாத நேரம்தான் ஆபத்தான நேரம். "ஒரே ஒரு தடவை கேளுங்க. நாலாவது பகுதி. அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான்."

மெனேசஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

நாலாவது பட்டை

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பத்து நாள் முன்பு பம்பாயிலிருந்து அவர் ஒரு கடிதம் போட்டிருந்தார். நாலாவது பகுதியில் சில இடங்களில் மெதுவையும் உரப்பையும் மாற்றச் சொல்லி. புத்தகக்காரர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டோம். பதினோரு பேருக்காக நான் நாலாவது பட்டையைப் புதிதாக வரைந்தேன். அன்று ஹால் வாசலில்தான் அதைக் கொடுத்தேன். அதை வைத்து அவர்கள் ஒரு தடவைகூடப் பாடியிருக்கவில்லை.

எங்கள் ஆபீசில் எந்த டிராயிங்கின் மூலையிலும் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் வரைந்தவர் இனிஷியல், மற்றதில் சரிபார்த்தவர் இனிஷியல். இரண்டும் ஒருவராக இருக்கக் கூடாது. நான் பழக்கத்தில் பட்டையிலும் கட்டம் போடுவேன். இதுவரை அக்கா சரிபார்ப்பார். இந்தத் தடவை நேரமில்லை. இரண்டு கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். ஏழு வருட வேலையில் என் டிராயிங் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்ற கர்வம் எனக்கு.

பியானோ தொடங்கியது. மெனேசஸ் கையசைத்தார். பெண்கள் ஏறினார்கள், ஆண்களின் மேல்குரலான டெனர் சேர்ந்தது. மிஸ்ஸாவிலேயே மிக உரத்த இடம் நெருங்கியது. நாலு குரலும் முழு வீச்சில் ஒன்றாக இறங்க வேண்டிய இடம்.

இறங்கினோம். என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது.

ஒரு கணம் நான்தான் முந்திவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. வலதுபுறம் புத்தகக்காரர்கள் என்னோடு சரியாக முழங்குகிறார்கள். முன்னால் நிற்கும் பதினோரு பேரும் காணாமல் போயிருந்தார்கள். நிறுத்தவில்லை. பாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரே நொடியில், பதினோரு பேரும், கிரைண்டிங் முடித்த எஃகு மாதிரி மழமழவென்று ஒரு மூச்சுக்குள் இறங்கியிருந்தார்கள். சுருதி இம்மியும் நகரவில்லை.

மெனேசஸ் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினார்.

"பேஸ்! யார் நிறுத்தியது?"

"நோ ஸ்டாப் சார்," என்றார் அண்ணாச்சி. "சிங்கிங் சார். வெரி சாஃப்ட் சார்."

"ஏன்?"

"பேப்பர் சார்." பட்டையை நீட்டி விரலால் காட்டினார். "த்ரீ டிரையாங்கிள் சார். மிர்ரர் ஃபினிஷ். நீங்க லெட்டர்ல சேஞ்ச் பண்ணீங்க சார்."

"நான் இப்படி மாற்றச் சொல்லவே இல்லை."

எட்டிப் பார்த்தேன். அந்த மூன்று முக்கோணம் கீழ் வரிக்கு உரியது. மெதுவாக முடியும் கடைசி இடத்துக்கு. அதே நேர்மேலே, மேல் வரியில், வளைகோடு இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டிருந்தேன்.

கையைத் தூக்கினேன். தொண்ணூற்றைந்து பேர் பார்த்தார்கள்.

"தப்பு என்னுடையது சார். பட்டையை வரைந்தவன் நான். வரி மாறிப் போட்டுவிட்டேன்."

மெனேசஸ் என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"நீ எங்கே நின்றாய்?"

"இவர்களுக்குப் பின்னால்."

"எப்படிப் பாடினாய்?"

"புத்தகத்தில் உள்ளபடி. உரக்க."

"டெனர்?"

"உரக்க."

"அப்படியானால்," என்று பதினோரு பேர் பக்கம் திரும்பினார், "இவர்கள் யாரைக் கேட்டுப் பாடினார்கள்?"

கிரேஸ் அக்கா பியானோ பக்கத்திலிருந்து சொன்னார்: "யாரையும் இல்லை, மிஸ்டர் மெனேசஸ். காகிதத்தைப் படிச்சாங்க."

மெனேசஸ் சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்தார். முக்கோணங்களை அடித்துவிட்டு வளைகோடு எப்படிப் போடுவது என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி காற்றில் வரைந்து காட்டினார். மெனேசஸ் அதைப் போட்டார். அதற்கு அப்பால் இன்னோர் இடத்தில், தன் சொந்த யோசனையாக, இரண்டு முக்கோணம் போட்டார். பதினோரு பேரும் எட்டிப் பார்த்துத் தங்கள் பட்டைகளில் குறித்துக்கொண்டார்கள்.

"இந்தப் பதினோரு பேர் மட்டும்," என்றார் மெனேசஸ்.

பாடினார்கள். நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. ஆல்டோ வரிசையில் ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று என் டைரியில் இருக்கிறது. அது போதும். புதிதாகப் போட்ட இரண்டு முக்கோணத்தில் அவர்கள் தணிந்தபோது மெனேசஸின் கைகள் அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக அசையாமல் நின்றன.

"இவர்கள் நாளைக்கும் முன்வரிசையில் நிற்க வேண்டும்," என்றார் முடிவில். "புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் நிற்பவர்களைக் காதில் வாங்கிக்கொண்டு பாடுங்கள்."

"டிக்கெட் கிடைச்சிருச்சு பா," என்றார் லாசரஸ். இந்தத் தடவை ஹால் முழுக்கச் சிரித்தது. விஷயம் புரியாமல் மெனேசஸும் சிரித்தார்.

வெளியே வரும்போது நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தேன். அண்ணாச்சி என் தோளில் கை போட்டார்.

"தப்பாப் போட்டாலும் நல்லாப் போட்டே தம்பி."

ஞாயிற்றுக்கிழமை

கச்சேரி நன்றாக நடந்தது என்று எழுதுவது எளிது. நன்றாகத்தான் நடந்தது. நாற்பது வாத்தியக்காரர்களும் தொண்ணூற்றாறு பாடகர்களும். பக்கவாட்டில் நாற்காலி கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு. மூன்றாவது வரிசையிலிருந்து ஒர்க்‌ஷாப் ஆட்கள், எல்லோரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தென்காசிக் குடும்பம் நடுவில். உரத்த இடம் வந்தபோது என் நெஞ்செலும்பில் அதிர்வு தெரிந்தது. முன்னால் பதினோரு முதுகுகளும் ஒரே நேரத்தில் விரிந்தன.

முடிந்ததும் கைதட்டல். மெனேசஸ் தனிக்குரல் பாடியவர்களைக் காட்டினார், கிரேஸ் அக்காவை மேடைக்கு இழுத்து வந்து காட்டினார். பிறகு பேஸ் முன்வரிசையின் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து, அவர்களை நோக்கி மேலிருந்து கீழாக ஒரு வீச்சு வீசினார். 'இதோ, இவர்கள்' என்று சபைக்குக் காட்டுகிறார். பம்பாயில் அது வழக்கம். எங்களுக்கு அது யாரும் சொல்லித் தராத குறி.

அண்ணாச்சி அந்தக் கையைப் படித்தார். உட்காரச் சொல்கிறார் என்று படித்தார். உட்கார்ந்தார். அவரோடு மற்ற பத்துப் பேரும், ஒரே நொடியில், முன்பின் இல்லாமல், பின்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஒரு கணம் கைதட்டல் திகைத்து நின்றது. எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு மூன்றாவது வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாவது, ஐந்தாவது, பால்கனி. மெனேசஸ் பேட்டனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டினார்.

அண்ணாச்சி தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல், பின்னால் நின்ற என்னைக் கேட்டார்.

"தம்பி, எந்திக்கணுமா, இருக்கணுமா?"

"இருங்க அண்ணாச்சி," என்றேன். "அவங்க நிக்கட்டும்."